நிணநீரும் நீவும் கையும்: ஒரு சிகிச்சை முறையின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

மருத்துவ வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் மருந்துக்கும் கத்திக்குமே தமது நூல்களில் முதலிடம் அளித்தனர். புதியதொரு மருந்து கண்டறியப்பட்ட ஆண்டும், புதியதொரு சத்திரசிகிச்சை முதன்முதலாகச் செய்யப்பட்ட ஆண்டும் அந்நூல்களில் தவறாது இடம்பெறுகின்றன. ஆனால், நோயாளியின் உடலைத் தொட்டும் நீவியும் கழுவியும் கட்டியும் துன்பந் தணித்த கைகளின் வரலாறு அவற்றிற் சில அடிகளையே பெறுகின்றது. இதனைத் தற்செயலான விடுபாடு எனக் கொள்வதற்கில்லை. உடலுழைப்பை அறிவுழைப்பிலிருந்து பிரித்து, முன்னதைத் தாழ்த்திப் பின்னதை உயர்த்திய சமுதாயங்களிலே மருத்துவத்துக்குள்ளும் அதே பிரிவினை நிகழ்ந்தது.

இக்கருத்தினை ஒரு சிகிச்சை முறையின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உறுப்புகளில் தேங்கி நின்று வீக்கத்தை உண்டாக்கும் நிணநீரை, மெல்லிய கை நீவலினால் வடியச் செய்யும் முறையை நாம் ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். நிணநீர் வடிப்பு நீவல் என இதனைக் குறிப்பிடலாம். இன்று உலகின் பெருநகரங்களிலுள்ள அழகு நிலையங்களும் உல்லாச விடுதிகளும் 'நச்சு நீக்கம்' என்னும் பெயரால் இதனை விற்பனை செய்கின்றன. மறுபுறத்தில், மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றபின் கை வீங்கிய பெண்ணும், யானைக்கால் நோயினால் கால் பருத்த தொழிலாளியும், வீங்கிய உறுப்பைப் பேணும் பயின்ற கையொன்றினை எதிர்பார்த்து நிற்கின்றனர். தேவையற்றோருக்கு விற்கப்படுவதும் தேவையுடையோருக்கு எட்டாததுமான இந்நிலை எவ்வாறு தோன்றியது? இம்முறையின் பயன் யாது? அப்பயனின் எல்லை யாது? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், நிணநீர் பற்றிய அறிவு வளர்ந்த விதத்தை முதலில் நோக்குதல் வேண்டும்.

2

கிறித்துவுக்கு முற்பட்ட மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவிலே பணியாற்றிய எரசித்திராத்தசு, பால் குடித்த ஆட்டுக்குட்டியின் வயிற்றறையிலே பால் நிறைந்த குழாய்களைக் கண்டார் எனப் பின்வந்த கலென் குறிப்பிட்டுள்ளார். ஆயினும் அவற்றை அவர் நாடிகள் என்றே கருதினார். அதன் பின்னர் ஏறத்தாழ ஆயிரத்துத் தொளாயிரம் ஆண்டுகள் இது பற்றிய தெளிவு ஏற்படவில்லை.

1622 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், பவியாப் பல்கலைக்கழகப் பேராசிரியரான கஸ்பாறே அசெல்லி, உணவுண்ட நாயொன்றின் வயிற்றைத் திறந்தபொழுது, குடலைச் சூழ்ந்த மென்சவ்விலே வெண்ணிற இழைகள் பரந்து கிடப்பதைக் கண்டார். நரம்புகள் என எண்ணி ஒன்றினை வெட்டியபோது பால் போன்ற நீர் வெளிப்பட்டது. உணவுண்ணாத நாயில் அவ்விழைகள் தென்படவில்லை. உணவுக்கும் அக்குழாய்களுக்குமிடையிலான தொடர்பை இவ்வாறு உணர்ந்துகொண்ட அசெல்லியின் நூல், அவர் மறைந்த பின்னர் 1627 இல் வெளிவந்தது. வண்ணத்தில் அச்சிடப்பட்ட உடலமைப்புப் படங்களைக் கொண்ட முதல் நூலென்னும் பெருமையும் அதற்குண்டு. எனினும், அக்குழாய்கள் ஈரலுக்கே செல்கின்றன என்னும் பழைய நம்பிக்கையை அவரால் விட முடியவில்லை. பிரான்சைச் சேர்ந்த ஜீன் பெக்கே 1651 இல் வெளியிட்ட நூலே, அவ்வெண்ணீர் நெஞ்சறையினூடே மேலேறி, கழுத்தடியிலுள்ள நாளத்திற் கலக்கின்றது என்பதை நிறுவியது. அடுத்த ஆண்டிலே சுவீடனைச் சேர்ந்த இளைஞரான ஒலொப் றுட்பெக், அரசி கிறிஸ்ரினாவின் முன்னிலையில் தமது கண்டுபிடிப்பைச் செய்து காட்டினார். கொப்பன்ஹேகனைச் சேர்ந்த தோமஸ் பார்தொலின் 1653 இல், தெளிந்த நீர் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லைக் கொண்டு இக்குழாய்களுக்குப் பெயரிட்டார். முதலிற் கண்டவர் எவர் என இவ்விருவருக்குமிடையே எழுந்த பூசல் நெடுநாள் நீடித்தது. குருதிச் சுற்றோட்டத்தை 1628 இல் விளக்கிப் புரட்சி செய்த வில்லியம் ஹார்வியோ, இப்புதிய குழாய்களின் முக்கியத்துவத்தை இறுதிவரை ஏற்கவில்லை. ஒரு துறையிலே பழமையைத் தகர்த்தவரே மற்றொரு துறையிற் பழமைக்குக் காவலராக நிற்பது அறிவு வரலாற்றிற் புதுமையன்று.

இத்தாலியரான பவுலோ மஸ்காஞி 1787 இல் வெளியிட்ட பெரும்படநூல், உடல் முழுவதும் பரந்துள்ள நிணநீர்க் குழாய்களை வியக்கத்தக்க நுணுக்கத்துடன் காட்டியது. ஆயின் ஒன்றனை நாம் மனங்கொள்ள வேண்டும். அசெல்லியிலிருந்து மஸ்காஞி வரையான நூற்றறுபத்தைந்து ஆண்டுகளில் நிணநீர்க் குழாய்கள் பற்றிய அறிவு இறந்த உடலிலிருந்தும் அறுக்கப்பட்ட விலங்கிலிருந்துமே பெறப்பட்டது. வீங்கிய காலுடன் நடந்து சென்ற மனிதனுக்கு அவ்வறிவினால் விளைந்த நன்மை மிகச் சிறிது. அறிவு வளர்தல் வேறு, அவ்வறிவு துன்பப்படுவோரைச் சென்றடைதல் வேறு என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

3

சிகிச்சையின் பயனை மதிப்பிடுவதற்கு, நிணநீர் எவ்வாறு தோன்றி எவ்வாறு ஓடுகின்றது என்பதைச் சுருக்கமாகவேனும் அறிதல் வேண்டும். குருதி மயிர்க்குழாய்களின் சுவரினூடே நீரும் சிறிதளவு புரதமும் இடையறாது கசிந்து இழையங்களை நனைக்கின்றன. இக்கசிவை நிருணயிக்கும் விசைகளை 1896 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஏர்ணெஸ்ட் ஸ்டார்லிங் விளக்கினார். கசிந்த நீரிற் பெரும்பகுதி நாளப் பக்கத்து மயிர்க்குழாய்களாலேயே மீண்டும் உறிஞ்சப்படுகின்றது என்னும் கருத்து அவ்விளக்கத்தை அடியொற்றிப் பாடநூல்களில் நிலைபெற்றது. லெவிக், மிச்செல் என்னும் இரு ஆய்வாளர்கள் 2010 இல் வெளியிட்ட கட்டுரை இதனைத் திருத்தியது. பெரும்பாலான இழையங்களில் அத்தகைய நிலையான மீளுறிஞ்சல் நிகழ்வதில்லை என்பதும், கசிந்த நீரைத் திரட்டிச் செல்லும் பணி நிணநீர்க் குழாய்களையே சாருகின்றது என்பதும் இன்று பெரிதும் ஏற்கப்பட்டுள்ளன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 4 லீற்றர் வரையிலான நிணநீர் இவ்வாறு குருதிக்குத் திரும்புகின்றது.

நிணநீர்த் தொகுதிக்கு இதயம் போன்றதொரு தனி உறுப்பு இல்லை. பெரிய நிணநீர்க் குழாய்களின் சுவரிலுள்ள மென்தசை தானாகவே சுருங்கி விரிகின்றது. குழாயினுள்ளே அடுக்கடுக்காக அமைந்த வால்வுகள் நீர் பின்னோக்கி வராது தடுக்கின்றன. நடத்தலாலும் மூச்சு விடுதலாலும் ஏற்படும் அசைவு இதற்குத் துணைபுரிகின்றது. தோலின் கீழுள்ள மிக நுண்ணிய தொடக்கக் குழாய்கள், அயலிலுள்ள இழையத்துடன் மெல்லிய நார்களாற் பிணைக்கப்பட்டுள்ளன. தோல் சற்றே இழுபடும்போது அந்நார்கள் குழாயின் வாயைத் திறக்கின்றன. நிணநீர் வடிப்பு நீவல் ஏன் மென்மையாக இருத்தல் வேண்டும் என்பதற்கான காரணம் இங்கேதான் உள்ளது. தசையைப் பிசைவதற்கு வேண்டிய பலம் இதற்கு வேண்டியதில்லை; தோலை மெல்ல இழுத்து விடுவதே போதுமானது.

நீவலின் ஒழுங்கும் இவ்வமைப்பையே தழுவியது. வெள்ளம் தேங்கிய வயலை வடிக்கும் உழவன் முதலிற் கடைவாய்க்காலைத் திறப்பது போல, பயின்ற கை முதலிற் கழுத்தடியையும் உடற்பகுதியையும் நீவி வழியைத் திறந்து, அதன் பின்னரே வீங்கிய உறுப்பை நோக்கிச் செல்கின்றது. அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டிருப்பின், மறுபக்க அக்குளை நோக்கியோ கீழே தொடையடியை நோக்கியோ நீர் திருப்பிவிடப்படுகின்றது. இத்திறன் பயிற்சியாலும் பொறுமையாலுமே கைவருவது.

4

இம்முறை உருவாவதற்கான சூழ்நிலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டிலே தோன்றிற்று. அக்காலத்து நிகழ்ச்சிகள் மூன்றினை ஒருங்கு வைத்து நோக்குவது பயனுடையது.

முதலாவது நிகழ்ச்சி 1892 இல் இடம்பெற்றது. வியன்னாவிற் பயின்று பெல்ஜியத்திலுள்ள லீயேஜ் நகரிற் பேராசிரியராக விளங்கிய சத்திரவைத்தியர் அலெக்சாண்டர் பொன் வினிவாட்டர், உறுப்புகள் பருத்து வீங்கும் நோய் பற்றிய தமது நூலில், உறுப்பை உயர்த்தி வைத்தல், அமுக்கக் கட்டுப் போடுதல், மெல்ல நீவுதல் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு சிகிச்சையை விவரித்தார். இன்றைய முறையின் கரு அதில் முழுமையாகவே காணப்படுகின்றது. ஆயினும் சத்திரவைத்தியர் ஒருவரே எழுதிய அந்நூலைச் சத்திரவைத்திய உலகம் நெடுநாள் பொருட்படுத்தவில்லை.

இரண்டாவது, 1894 இல் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்டெட் வெளியிட்ட அறிக்கையாகும். மார்பகப் புற்றுநோய்க்கு மார்பகத்தையும், அதன் கீழுள்ள நெஞ்சுத் தசைகளையும், அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் ஒருங்கே வெட்டி அகற்றும் முறையை அவர் அதில் விவரித்தார். அடுத்து வந்த எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இதுவே உலகெங்கும் நியம சிகிச்சையாயிற்று. இதனாற் பல பெண்களின் கை வீங்கியது. ஹால்ஸ்டெட்டே 1921 இல் எழுதிய கட்டுரையொன்றில், இவ்வீக்கத்துக்குச் சத்திரசிகிச்சையால் விளைந்த யானைக்கால் எனப் பொருள்படும் பெயரை இட்டார். நோயைப் போக்கும் கத்தியே புதியதொரு நோயைப் படைத்தது என்பதற்கு இதனிலும் தெளிவான ஒப்புதல் வேண்டுவதில்லை.

மூன்றாவது நிகழ்ச்சி அதே 1894 இல் இலண்டனில் நடைபெற்றது. நீவல் நிலையங்கள் என்ற பெயரிற் பாலியல் தொழில் நடைபெறுவதாகப் பிரித்தானிய மருத்துவ ஏடு எழுதியதனால் பெரும் அவதூறு கிளம்பிற்று. நீவற்றொழிலை நேர்மையாகச் செய்துவந்த தாதியர் நால்வர் அவ்வாண்டிலேயே பயிற்றப்பட்ட நீவற்பெண்டிர் சங்கத்தை நிறுவினர். ஆடவர் எவரையும் மருத்துவரின் குறிப்பான ஆணையின்றித் தொடலாகாது என்பது போன்ற விதிகளைத் தமக்குத் தாமே விதித்துக்கொண்டனர். 1920 இல் அரச சாசனம் பெற்ற அச்சங்கமே இன்றைய பிரித்தானிய இயன்மருத்துவர் சங்கமாக வளர்ந்தது. தமது கைத்திறனுக்கு மதிப்புத் தேடிய பெண்கள், அதற்கு விலையாக மருத்துவரின் மேலாண்மையை ஏற்க நேர்ந்தது என்பது இவ்வரலாற்றின் சிந்திக்கத்தக்க பகுதியாகும்.

இம்மூன்று நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று விளக்குகின்றன. வீக்கத்தைத் தணிக்கும் வழி 1892 இல் எழுதப்பட்டது. வீக்கத்தைப் பெருமளவில் உண்டாக்கும் சத்திரசிகிச்சை 1894 இல் உலகை வெல்லப் புறப்பட்டது. வழியைச் செயற்படுத்த வல்ல கைகளோ அதே ஆண்டில் தமது மானத்தைக் காத்துக்கொள்ளப் போராடிக்கொண்டிருந்தன. கத்திக்குக் கிடைத்த மதிப்பு கைக்குக் கிடைத்திருக்குமாயின், பல்லாயிரம் பெண்களின் துன்பம் முன்னரே தணிந்திருக்கும் எனக் கருதுவது மிகையாகாது.

5

நிணநீர் வடிப்பு நீவல் இன்றுள்ள வடிவைப் பெற்றது 1930களிலாகும். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வொடரும் அவர் மனைவி எஸ்ட்ரிட்டும் பிரான்சின் தென்கடற்கரையிலுள்ள கான் நகரில் நீவற்றொழில் செய்து வந்தனர். நீடித்த தடிமனாலும் மூக்கடைப்பாலும் வருந்தியவர்களாய் இங்கிலாந்திலிருந்து வந்த நோயாளர் பலரின் கழுத்திலே நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருப்பதை அவர்கள் கவனித்தனர். நிணநீர்க் கணுக்களைத் தொடுவதே ஆபத்தானது என்னும் எண்ணம் நிலவிய அக்காலத்தில், அவர்கள் அவற்றை மிக மெல்லிய வட்ட அசைவுகளால் நீவிப் பார்த்தனர். பெற்ற அனுபவத்தை ஒழுங்குபடுத்தி, 1936 இல் பாரிசில் நடைபெற்ற உடல்நலமும் அழகும் பற்றிய கண்காட்சியொன்றிலே தமது முறையை வெளியிட்டனர்.

வொடர் மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். எனவே மருத்துவ உலகம் அவரை நெடுநாள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவருடைய முறையை முதலில் வரவேற்றோர் அழகுக்கலைஞரே. நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்முறை இருவேறு பாதைகளிற் சென்றமைக்கு இத்தோற்றமே காரணமாயிற்று. ஒரு பாதை வைத்தியசாலைக்குச் சென்றது. மற்றையது அழகுச் சந்தைக்குச் சென்றது.

முதற் பாதையைத் திறந்தவர் ஜேர்மன் மருத்துவரான யொஹான்னெஸ் அஸ்டொங்க் ஆவார். 1960களில் வொடரின் முறையைக் கற்று, நோயாளரிடையே அதன் விளைவுகளை அவர் ஆராய்ந்தார். 1970களின் நடுப்பகுதியளவிலே மேற்கு ஜேர்மனியின் நோய்க்காப்புறுதி நிறுவனங்கள் இச்சிகிச்சைக்குப் பணம் செலுத்த முன்வந்தன. அதன் பின்னர் ஹங்கேரியிலிருந்து ஜேர்மனிக்கு வந்த நிணநீர் ஆய்வாளரான மிஹாய்ல் பெல்டியும் அவர் மனைவி எதெல் பெல்டியும், நீவலைத் தனித்ததொரு மருந்தாகக் கொள்ளாது, தோல் பராமரிப்பு, அமுக்கக் கட்டு, உடற்பயிற்சி ஆகியவற்றுடன் இணைத்தனர். வினிவாட்டர் 1892 இல் எழுதியது ஏறத்தாழ எண்பது ஆண்டுகளின் பின்னர் ஒரு முழுமையான சிகிச்சையாக உருப்பெற்றது. கருவிகளும் மருந்துகளும் அன்றி, ஒரு மணித்தியாலம் அளவிலான மனித உழைப்பே இச்சிகிச்சையின் பிரதான செலவு என்பதையும், அவ்வுழைப்புக்குச் சமுதாயம் கூலி கொடுக்க முன்வந்தபோதே அது சாதாரண மக்களைச் சென்றடைந்தது என்பதையும் நாம் குறித்துக்கொள்ளுதல் தகும்.

6

இனி, பயனைப் பற்றிய வினாவுக்கு வருவோம். இங்கே மிகைப்படுத்தலையும் புறக்கணிப்பையும் ஒருங்கே தவிர்த்தல் வேண்டும்.

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின்னர் ஏற்படும் கை வீக்கம் பற்றிய பல ஆய்வுகளை 2013 இல் ஒருங்கே தொகுத்து நோக்கியபோது, அக்குட் கணுக்கள் பெருமளவு அகற்றப்பட்ட பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு வீக்கம் ஏற்பட்டமையும், முதற் கணுவை மட்டும் எடுத்துச் சோதித்தவிடத்து இது நூற்றுக்கு ஆறு என்னும் அளவுக்குக் குறைந்தமையும் தெரியவந்தன. ஹால்ஸ்டெட்டின் பெருஞ்சத்திரசிகிச்சை பெண்களின் வாழ்நாளைக் கூட்டவில்லை என்பதை, 1971 இல் பேர்ணாட் பிஷர் தலைமையிலே அமெரிக்காவில் தொடங்கிய ஒப்பீட்டாய்வு நிறுவியிருந்தது. வீக்கத்துக்கான மிகச்சிறந்த சிகிச்சை, அதனை உண்டாக்காது விடுவதே என்பது இவற்றாற் புலனாகும்.

வீக்கம் ஏற்பட்டபின் நீவல் எவ்வளவு உதவுகின்றது? நம்பகமான ஒப்பீட்டாய்வுகள் ஆறினை மதிப்பிட்டு 2015 இல் வெளியான கொக்கிறேன் ஆய்வுரை இதற்கு விடை தருகின்றது. அமுக்கக் கட்டு மட்டுமே வீக்கத்தை நூற்றுக்கு முப்பது வீதத்துக்கு மேலாகக் குறைத்தது. நீவலைச் சேர்த்தபோது மேலும் ஏழு வீதம் அளவிற் குறைவு ஏற்பட்டது. வீக்கம் சிறிதாகவோ நடுத்தரமாகவோ இருந்தவர்களுக்கே இக்கூடுதற் பயன் பெரிதும் கிட்டியது. நீவலாற் கேடு விளையவில்லை. எனவே நீவல் பயனுடையது. ஆயினும் கட்டும் பயிற்சியுமின்றித் தனித்து நிற்கும்போது அதன் பயன் சிறிது. உடற்பயிற்சி வீக்கத்தைக் கூட்டும் என்னும் பழைய அச்சமும் 2009 இல் வெளியான ஆய்வொன்றினால் நீங்கியது. படிப்படியாகப் பாரந்தூக்கப் பயின்ற பெண்களின் கை மேலும் வீங்கவில்லை. வீக்கம் திடீரெனக் கடுமையாகும் நிகழ்ச்சிகளும் அவர்களிடையே குறைந்தே காணப்பட்டன.

நீவல் கூடாத நிலைகளும் உள. தோலிற் பக்றீரியாத் தொற்று ஏற்பட்டுச் சிவந்து காய்ச்சல் காணும்போதும், காலின் ஆழ்நாளத்திற் குருதி உறைந்திருக்கும்போதும், இதயம் தளர்ந்து உடலெங்கும் நீர் கோத்திருக்கும்போதும் நீவுதல் தீங்காக முடியலாம். ஆதலின் வீக்கத்தின் காரணத்தை மருத்துவர் அறிந்த பின்னரே கை தொடங்குதல் வேண்டும்.

அழகுச் சந்தையின் கூற்றுகளோ வேறு வகையின. நிணநீரிலே நச்சு தேங்கியுள்ளது, அதனைப் பிழிந்தெடுத்தால் உடல் மெலியும் என்பன அவற்றுட் சில. குருதியிலுள்ள கழிவை அகற்றுவன ஈரலும் சிறுநீரகமும் ஆகும். நோயற்றவரின் நிணநீர் அவருடைய நடையாலும் மூச்சாலும் இயல்பாகவே ஓடுகின்றது. நீவலுக்குப் பின்னர் முகமோ காலோ சற்று மெலிந்து தோன்றினும், அது சில மணித்தியாலங்களுக்குரிய நீரசைவேயன்றிக் கொழுப்புக் குறைவன்று. உண்மையான சிகிச்சையொன்றின் பெயரை எடுத்து, அதன் உள்ளடக்கத்தைக் களைந்து, வெறும் நுகர்பொருளாக்கும் வணிகத்தின் இயல்பை இங்கு நாம் தெளிவாகக் காணலாம்.

7

ஐரோப்பாவினதும் அமெரிக்காவினதும் வரலாறு இவ்வாறிருக்க, வெப்பமண்டல நாடுகளில் நிணநீர் வீக்கத்தின் பிரதான காரணம் வேறாகும். யானைக்கால் நோயின் புழுக்கள் நிணநீர்க் குழாய்களிலேயே வாழ்ந்து அவற்றைச் சிதைக்கின்றன. 1872 இல் கல்கத்தாவிலே திமோதி லூயிஸ் மனிதக் குருதியில் இப்புழுக்களின் குஞ்சுகளைக் கண்டார். 1877 இல் சீனாவின் அமோய்த் துறைமுகத்திற் பணியாற்றிய பட்றிக் மான்சன், தம்மிடம் பணிபுரிந்த தோட்டக்காரரை நுளம்புகள் கடிக்கச் செய்து, அந்நுளம்புகளின் உடலிலே புழுக் குஞ்சுகள் வளர்வதை நிறுவினார். நோயொன்றினைப் பூச்சி காவுகின்றது என்னும் பெருங்கருத்து இவ்வாறு பிறந்தது. நோயுற்ற உடலைத் தந்த தோட்டக்காரருக்குக் கிடைத்த சிகிச்சை பற்றி அக்கண்டுபிடிப்பின் வரலாறு பேசுவதில்லை. புழுவை ஆராய்ந்த காலனித்துவ மருத்துவம், வீங்கிய காலைப் பேணும் கையைப் பற்றி அதிகம் சிந்திக்கவில்லை.

இலங்கையில் இந்நோய் மேல், தென், வடமேல் மாகாணங்களின் கரையோரத்திலே நிலைகொண்டிருந்தது. தும்புத் தொழிலுக்காகத் தென்னம் பொச்சு ஊறவைக்கப்படும் குழிகளும், நகரங்களின் வடிகால்களும் நோய்காவி நுளம்புகள் பெருகும் இடங்களாயின. நோயின் புவியியலை உற்பத்தி முறையும் வறுமையும் வரைந்தன என்பதற்கு வேறு சான்று வேண்டா. 1940களின் பிற்பகுதியிலே தொடங்கிய யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கமும், 2002 முதல் 2006 வரை ஆண்டுதோறும் எட்டு மாவட்டங்களிலும் மக்கள் அனைவருக்கும் மருந்து வழங்கிய திட்டமும் பெரும்பயன் விளைத்தன. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் இலங்கையிலிருந்து இந்நோய் ஒழிக்கப்பட்டதென 2016 இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. இலவச மருத்துவ சேவையின் இச்சாதனை பெருமைக்குரியது. ஆனால் மருந்து புழுவின் பரவலையே தடுக்கின்றது. சிதைந்த குழாயை அது சீராக்குவதில்லை. நோய் ஒழிந்ததெனச் சான்றிதழ் பெற்ற நாட்டிலும், முன்னரே வீங்கிய காலுடையோர் அக்காலுடனேயே வாழவேண்டியுள்ளது.

இவர்களுக்கு உதவும் வழியை 1990களில் பிறேசிலின் றெசீபே நகரிலே ஜெரூசா டிறையர் என்னும் மருத்துவப் பெண்மணி தெளிவுபடுத்தினார். காலை மேன்மேலும் பருக்கச் செய்வது விரலிடுக்கிலுள்ள சிறு வெடிப்புகளூடாகப் புகும் பக்றீரியாத் தொற்றே என்பதை அவரும் அவருடன் பணியாற்றியோரும் எடுத்துக்காட்டினர். சவர்க்காரமும் நீரும் கொண்டு நாள்தோறும் கழுவுதல், ஈரம் துவட்டுதல், புண்ணுக்கு மருந்திடுதல், காலை உயர்த்தி வைத்தல், அசைத்துப் பயிற்றுதல், காலணி அணிதல் ஆகியவையே அவர்களது முறை. நோயாளர் ஒன்றுகூடித் தமக்குள் கற்பித்துக்கொள்ளும் சங்கங்களும் அங்கு தோன்றின. செம்மண்ணில் வெறுங்காலுடன் நடப்பதால் கால் வீங்கும் எதியோப்பிய உழவரிடையே நடத்தப்பட்டு 2018 இல் வெளியான ஒப்பீட்டாய்வும், இத்தகைய எளிய பராமரிப்புக் காய்ச்சலும் நோவும் கூடிய தாக்கங்களைக் குறைப்பதை உறுதிசெய்தது. கேரளத்தின் காசர்கோட்டில் இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல், தோலைக் கழுவிப் பேணுதலுடன் ஆயுள்வேதம், யோகாசனம், அமுக்கக் கட்டு ஆகியன இணைக்கப்பட்டு வருகின்றன. இத்தகைய கால்களுக்கு நீவல் துணையேயன்றி முதன்மையன்று. முதன்மையானது கழுவும் கையாகும்.

இவ்விடத்திற் சிலர், இவையனைத்தும் நம் முன்னோர் அறிந்தனவே எனக் கூற முற்படலாம். சித்த மருத்துவம் தொக்கணம் என்னும் உடற்பிடிப்பு முறையை ஒன்பது வகையாகப் பகுத்துக் கூறுவது உண்மையே. எனினும் தட்டுதல், இறுக்குதல், முறுக்குதல் முதலியவற்றைக் கொண்ட அம்முறை வாதத்தைத் தணிக்கும் நோக்குடையது. நிணநீர்க் குழாய்கள் பற்றிய அறிவின்மீது எழுந்ததன்று. இல்லாத பெருமையை ஏற்றிக்கூறுவதைவிட, இருந்த உண்மையொன்றை நினைவுகூர்தல் நன்று. தமிழ்நாட்டின் பல பகுதிகளிலே புண்ணைக் கட்டியவரும் மகப்பேறு பார்த்தவரும் நாவிதர் குலத்தவரேயாவர். மருத்துவர், மருத்துவிச்சி என அவர்களை அழைத்த சமுதாயமே அவர்களைத் தாழ்த்தியும் வைத்தது. இலண்டனிலும் 1745 வரை நாவிதரும் சத்திரவைத்தியரும் ஒரே சங்கத்தில் இருந்தனர். பிரிந்தபின் சத்திரவைத்தியர் உயர்ந்தனர், நாவிதர் தாழ்ந்தனர். உடலைத் தொடுவது இழிவு என்னும் எண்ணம் எல்லாச் சமுதாயங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இருந்துள்ளது. நம்மிடையே அது சாதியின் வடிவை எடுத்தது.

8

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிவுகள் பெறப்படும். நிணநீர் வடிப்பு நீவலின் பயன் மெய்யானது, ஆயினும் எல்லைக்குட்பட்டது. கட்டு, பயிற்சி, தோற் பராமரிப்பு ஆகியவற்றுடன் சேரும்போதே அது முழுமை பெறுகின்றது. அது தாமதமாக ஏற்கப்பட்டமைக்கு அறிவுக் குறைபாடு மட்டும் காரணமன்று. கையுழைப்புக்கும், குறிப்பாகப் பெண்களின் கையுழைப்புக்கும், மருத்துவத்தினுள் உரிய மதிப்பு இல்லாமையும் காரணமாயிற்று. மதிப்பு மறுக்கப்பட்ட அத்திறனைச் சந்தை தன்வயப்படுத்தி, பணமுடையோருக்கு விற்றது.

நம்மைப் போன்ற நாடுகளுக்கு இவ்வரலாறு உணர்த்துவது தெளிவானது. இச்சிகிச்சைக்கு விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. வேண்டுவன, பயிற்சி பெற்ற இயன்மருத்துவரும் தாதியரும், மலிவாகக் கிடைக்கும் கட்டுத்துணியும், சவர்க்காரமும் தூய நீரும், தம் உறுப்பைத் தாமே பேண நோயாளருக்கும் குடும்பத்தவருக்கும் கற்பிக்கும் பொறுமையுமாகும். இவற்றை வழங்குதல் பொது மருத்துவ சேவையின் கடமையாகக் கொள்ளப்படுதல் வேண்டும். ஏனெனில் வீங்கிய கால் நோவைத் தருவதோடு நின்றுவிடுவதில்லை, அது தொழிலைப் பறிக்கின்றது, திருமணத்தைத் தடுக்கின்றது, மனிதரைத் திண்ணையின் மூலைக்கு ஒதுக்குகின்றது. அக்காலைக் கழுவித் துவட்டி, கட்டி, மெல்ல நீவும் கை அவரை மீண்டும் மக்கள் நடுவே கொண்டுவந்து நிறுத்துகின்றது. மருத்துவ வரலாற்றை எழுதுவோர் அக்கைக்குரிய இடத்தை இனியேனும் அளிப்பாராக.